சொகுசுக் கூடாரம்: வசதி கேட்பது குற்றமா?

விடுமுறை நெருங்கும்போதெல்லாம் நம் குடும்பங்களில் ஒரு பேச்சு எழுவதுண்டு. மலைக்கோ காட்டுக்கோ பாலைவனத்துக்கோ சென்று கூடாரம் அடித்துத் தங்க வேண்டும் என்பர் இளைஞர்கள். வீட்டுப் பெண்களும் முதியோரும் “நீங்கள் போய் வாருங்கள்” என்று விலகிக்கொள்வர். விலகியோரை நோக்கி, “சொகுசுக்குப் பழகிவிட்டீர்கள், இயற்கையின் அருமை உங்களுக்கு எங்கே தெரியப் போகிறது?” என்ற கேலியும் தவறாமல் வரும். இக்கட்டுரை அவ்வாறு விலகி நிற்போரின் பக்கத்தில் நின்று எழுதப்படுகிறது. கல் தரையில் படுப்பதையும், புதர் மறைவில் ஒதுங்குவதையும், தேளுக்கு அஞ்சி இரவெல்லாம் விழித்திருப்பதையும் நாங்கள் விரும்பியதில்லை. இன்றும் விரும்பவில்லை. அதற்காக வெட்கப்படவும் இல்லை.

இத்தகையோருக்கென்றே உலகெங்கும் ஒரு தொழில் வளர்ந்து வருகிறது. கட்டில், மெத்தை, குளியலறை, மின்விளக்கு, சமைத்த உணவு ஆகிய அனைத்தையும் கூடாரத்தோடு சேர்த்துத் தரும் இந்த ஏற்பாட்டைக் ‘கிளாம்பிங்’ என்கின்றனர். பகட்டைக் குறிக்கும் ‘கிளாமர்’ என்ற சொல்லையும் ‘கேம்பிங்’ என்ற சொல்லையும் ஒட்டி உருவாக்கிய பெயர் இது. ஜித்தாவில் வாழும் நாங்கள் நால்வர், அதாவது கணவன், மனைவி, எழுபதைக் கடந்த உம்மா, பள்ளியில் படிக்கும் மகள், சென்ற ஏப்ரலில் ஜோர்தானின் வாதி ரம் பாலைவனத்தில் இரண்டு இரவுகள் இவ்வாறு தங்கினோம். ஊர் சுற்றிய கதையைச் சொல்வது இங்கு நம் நோக்கமன்று. வசதி கேட்பது குற்றமா, எந்த வசதியைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்ற கேள்விகளுக்கு அந்த இரண்டு இரவுகள் தந்த விடையைப் பகிர்ந்துகொள்வதே நோக்கம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். சிரமப்படுவது தன்னளவில் ஒரு சிறப்பு என்ற எண்ணம் நம்மிடையே பரவிக் கிடக்கிறது. மார்க்கம் அவ்வாறு கற்பிக்கவில்லை. ஸஹீஹுல் புகாரியில் அபூ இஸ்ராயீல் என்பவரைப் பற்றிய ஒரு நிகழ்வு பதிவாகியுள்ளது. நோன்பு வைத்துக்கொண்டு, உட்காராமல், நிழலில் ஒதுங்காமல், எவரிடமும் பேசாமல் நிற்பதாக அவர் நேர்ந்துகொண்டார். நோன்பை முழுமையாக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்கள், உட்காரவும் நிழலில் ஒதுங்கவும் பேசவும் அவருக்கு உத்தரவிட்டார்கள். வணக்கம் ஏற்கப்பட்டது, வெயில் ஏற்கப்படவில்லை. பயணத்தில் தொழுகையைச் சுருக்கவும் சேர்த்துத் தொழவும் அனுமதி உண்டு. தண்ணீர் கிடைக்காதபோது தயம்மும் உண்டு. சிரமம் நேரும் இடத்தில் எளிமைக்கு வழி பிறக்கும் என்பது ஃபிக்ஹுக் கலையின் ஐந்து பெருவிதிகளுள் ஒன்று. ஆகவே மெத்தையில் படுக்க விரும்பும் ஒருவரைப் பார்த்து ஈமானில் குறை காண்பதற்கு யாருக்கும் உரிமை இல்லை.

இரண்டாவது, சிரமத்தைப் புகழ்பவர் யார், அதைச் சுமப்பவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். திறந்தவெளியில் அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிடுவது தனி இன்பம் என்று ஆண்கள் சொல்வார்கள். புகையில் கண் எரியக் கறி கிளறுபவரும், குளிர்ந்த நீரில் பாத்திரம் தேய்ப்பவரும் பெரும்பாலும் பெண்களே. கழிப்பறை இல்லாத இடத்தில் ஆணுக்கு நேர்வது சங்கடம். பெண்ணுக்கோ அது காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டிருக்கும் வாதை. மூட்டு வலியுள்ள முதியவருக்குத் தரையில் படுத்தெழுவது பிறர் கைத்தாங்கலின்றி இயலாது. இவர்கள் “எங்களுக்கு ஆசையில்லை” என்று சொல்லும்போது, உண்மையில் ஆசையில்லையா, அல்லது பிறருக்குப் பாரமாக மனமில்லையா என்று நாம் கேட்பதே இல்லை.

கூடாரம் என்றாலே எளிமை என்ற எண்ணமும் வரலாற்றோடு பொருந்தாது. அக்பரின் பயண முகாம் குறித்து அபுல் ஃபஸ்ல் ‘ஆயினே அக்பரி’யில் விரிவாக எழுதியிருக்கிறார். ஒரு முகாமைச் சுமந்து செல்ல 100 யானைகள், 500 ஒட்டகங்கள், 400 வண்டிகள், 100 சுமைதூக்கிகள் தேவைப்பட்டதாக அவர் கணக்குத் தருகிறார். பேரரசர் ஒரு முகாமில் தங்கியிருக்கும்போதே இன்னொரு தொகுதி அடுத்த தங்குமிடத்தில் தயாராக நிற்கும். 1683-இல் வியன்னா முற்றுகை தோற்றபோது உதுமானியர் விட்டுச் சென்ற கூடாரங்களின் வேலைப்பாட்டைக் கண்டு ஐரோப்பியர் வியந்தனர். உதுமானியக் கூடாரங்களைப் போலந்தின் கிராக்கோவ் நகரிலுள்ள வாவெல் கோட்டையில் இன்றும் காணலாம். சொகுசுக் கூடாரம் நம் காலத்துக் கண்டுபிடிப்பன்று. அன்று அரசர்க்கு மட்டும் கிடைத்தது இன்று விலைக்குக் கிடைக்கிறது, அவ்வளவே.

அரசர்களை விடுவோம், பாலைவனத்து எளிய மக்களைப் பார்ப்போம். பதூவீன்களின் கூடாரத்துக்கு அரபியில் ‘பைத்துஷ் ஷஅர்’, அதாவது மயிர் வீடு என்று பெயர். வெள்ளாட்டு மயிரைத் திரித்து, தரையில் விரித்த தறியில் பட்டை பட்டையாக நெய்து, அவற்றை ஒன்றோடொன்று தைத்து அதை உருவாக்குவோர் பெண்கள். காய்ந்த காலத்தில் நெசவின் இடுக்குகள் வழியே உள்ளிருக்கும் வெப்பம் வெளியேறும். மழை பெய்தால் இழைகள் ஊறிப் பருத்து இடுக்குகளை அடைத்துக்கொள்ளும். காற்று வரும் பக்கத்தை மூடி மறுபக்கத்தைத் திறக்கலாம். நடுவே தொங்கும் திரை ஒன்று, காப்பி அடுப்போடு கூடிய விருந்தினர் பகுதியையும் குடும்பத்துப் பெண்களின் பகுதியையும் பிரிக்கும். நிழல், காற்று, மறைவு, விருந்தோம்பல் ஆகிய நான்கும் ஒரே துணியில் அடங்கியிருக்கின்றன. தலைமுறை தலைமுறையாகப் பாலைவனத்தில் வாழ்ந்தவர்கள் சிரமத்தைத் தேடவில்லை, அதைக் குறைக்கும் வழியைத்தான் தேடினார்கள்.

இனி வாதி ரம்முக்கு வருவோம். அகபா துறைமுகத்திலிருந்து சாலை வழியே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், சிவந்த மணலும் செங்குத்தான மணற்பாறை மலைகளும் நிறைந்த பெரும் பள்ளத்தாக்கு அது. 2011-இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. இயற்கை, பண்பாடு ஆகிய இரு சிறப்புக்காகவும் அந்தத் தகுதி கிடைத்தது. ஏறத்தாழ 25,000 பாறை ஓவியங்களும் 20,000 கல்வெட்டுகளும் அங்கே இருப்பதாக யுனெஸ்கோவின் குறிப்பு கூறுகிறது. கஸலி என்னும் குறுகிய மலைப்பிளவில் ஒட்டகங்களும் மனிதர்களும் தமூதிய எழுத்துகளும் சுவரெங்கும் கீறப்பட்டிருப்பதை நாங்கள் கண்டோம். பெட்ராவிலும் வாதி ரம்மிலும் வாழும் பதூவீன்களின் பண்பாட்டையும் யுனெஸ்கோ 2008-இல் தன் அருவ மரபுப் பட்டியலில் சேர்த்தது.

முதல் இரவு நாங்கள் தங்கியது மயிர் வீட்டின் சாயலில் அமைந்த துணிக் கூடாரத்தில். உள்ளே மரக்கட்டிலும் கனத்த போர்வைகளும், பின்புறம் ஒட்டினாற்போல் சிறிய கழிப்பறையும் இருந்தன. குளிரூட்டி இல்லை. இரவு உணவு ‘ஸர்ப்’. இறைச்சியையும் காய்கறிகளையும் அடுக்குத் தட்டில் வைத்து, தணல் நிறைந்த குழிக்குள் இறக்கி, மூடி, மேலே மணலைக் கொட்டிப் பல நாழிகை வேகவிடுகிறார்கள். உணவு முடிந்து பத்து மணிக்கெல்லாம் முகாமின் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.

இஷாவுக்கு உம்மா தொழுகை விரிப்பை எடுத்து வந்து, எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். காயல்பட்டினத்தில் வாழ்நாளெல்லாம் மேற்கு நோக்கித் தொழுதவர்கள் அவர்கள். அங்கிருந்து மக்கா தென்கிழக்கே இருக்கிறது. வழிகாட்டியான பதூவீன் இளைஞர் திறன்பேசியைத் தொடவே இல்லை. வடக்கே துருவ விண்மீனைக் காட்டி, அதற்கு ஏறத்தாழ முதுகு கொடுத்துச் சற்றே இடப்பக்கம் திரும்பி நிற்கச் சொன்னார். நம் ஊர்க் கடற்கரையில் அடிவானத்தை ஒட்டிக் கிடக்கும் அந்த விண்மீன் அங்கே நன்கு உயர்ந்து நின்றது. அல்தபரான், ரிஜ்ல் என்று அரபுப் பெயர் தாங்கிய விண்மீன்களைப் பற்றி அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி பத்தாம் நூற்றாண்டில் நூலெழுதியதை மகள் பாடத்தில் படித்திருந்தாள். அன்று அவள் பாடநூலிலிருந்து தலையை உயர்த்தி வானத்தைப் பார்த்தாள்.

காலையில் உம்மாவிடம், “நன்றாகத் தூங்கினீர்களா?” என்று கேட்டோம். “ராத்திரி கக்கூசுக்குப் போவ யாரையும் எழுப்ப வேண்டியதில்லை வாப்பா, எனக்கு அதுவே போதும்” என்றார்கள். அடுத்து அவர்கள் சொன்னதே எங்களை நிறுத்தியது. தஹஜ்ஜுதுக்கு எழுந்தபோது ஒருமுறை தனியாகவே வாசலுக்கு வந்து, நாற்காலியில் அமர்ந்து, வெகுநேரம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். எழுபது வயதில், எவர் துணையுமின்றி, திறந்த வானத்தின் கீழ் தனித்திருக்க அவர்களுக்கு வாய்த்தது. அதைத் தந்தவை ஒரு கட்டிலும், பத்தடி தூரத்தில் ஒரு கழிப்பறையும், ஒரு நாற்காலியும். இவற்றைச் சொகுசு என்று எவரேனும் பரிகசித்தால் அந்தப் பரிகாசத்தை நாம் ஏற்க இயலாது.

இரண்டாம் இரவு மகளின் விருப்பப்படி வேறொரு முகாமில், கண்ணாடிக் குமிழி போன்ற கூடாரத்தில் தங்கினோம். விளம்பரப் படங்களில் நாம் அடிக்கடி காண்பது இதைத்தான். படுத்தபடியே விண்மீன்களைப் பார்க்கலாம் என்பது அதன் வாக்குறுதி. கட்டணம் முந்தைய இரவைப் போல் மூன்று மடங்கு. ஒளி ஊடுருவும் நெகிழிக் கூரை பகல் வெயிலை உள்ளே விட்டு வெப்பத்தைச் சிறைப்பிடிக்கும். ஆகவே குளிரூட்டி ஓய்வின்றி இயங்க வேண்டும். அது இயங்க முகாமின் மின்னாக்கி உறும வேண்டும். வெளியிலிருந்து உள்ளே தெரியும் என்பதால் பெண்கள் தலைத்துணியை அகற்ற வேண்டுமாயின் திரைகளை இழுத்து மூட வேண்டும். மூடியபின் அது நகரத்து விடுதியின் வட்டமான அறையன்றி வேறில்லை. பாறைகளின் மேல் அலங்கார விளக்குகளைப் பாய்ச்சியிருந்ததால், திரையை விலக்கியபோதும் முந்தைய இரவில் கண்ட வானத்தில் பாதிகூடத் தெரியவில்லை. மூன்று மடங்கு கொடுத்துப் பாதி வானம் பெற்றோம்.

இந்த இரு இரவுகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடுதான் நாம் சொல்ல வந்தது. வசதியில் இரு வகை உண்டு. ஒன்று கதவைத் திறக்கும், மற்றொன்று கதவை மூடும். வர இயலாதவரை வரச் செய்வது முதல் வகை. வந்தவரை, வந்த இடத்திலிருந்தே பிரித்து வைப்பது இரண்டாம் வகை. கட்டிலும் கழிப்பறையும் உம்மாவைப் பாலைவனத்திடம் கொண்டு சேர்த்தன. குமிழியும் குளிரூட்டியும் பாலைவனத்தை எங்களிடமிருந்து மறைத்தன. விலையை வைத்தோ, மெத்தையின் தடிமனை வைத்தோ சொகுசை அளக்க வேண்டியதில்லை. இந்த ஒரு கேள்வியை வைத்து அளந்தால் போதும்.

ஆயினும் அளக்க வேண்டியது நம் அனுபவத்தை மட்டுமன்று. பாலைவனத்தில் குழாயைத் திருகினால் வரும் நீர் எங்கிருந்து வருகிறது? உலகில் நீர்வளம் மிகக் குறைந்த நாடுகளுள் ஜோர்தானும் ஒன்று. வாதி ரம் பகுதியின் அடியில் பரவியிருக்கும் தீசி நிலத்தடி நீர்த்தேக்கம், பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பெய்த மழையின் சேமிப்பு. இன்று பெய்யும் மழை அதை நிரப்புவதில்லை என்றே சொல்லலாம். 2013 முதல் 325 கிலோமீட்டர் நீளக் குழாய் வழியே ஆண்டுக்கு ஏறத்தாழ 10 கோடி கன மீட்டர் நீர் அங்கிருந்து தலைநகர் அம்மானுக்குச் செல்கிறது. எடுத்தால் திரும்பாத நீர் அது. நபி (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்து’ நீரில் உளூச் செய்ததையும், ஒரு ‘ஸாவு’ முதல் ஐந்து முத்து வரையிலான நீரில் குளித்ததையும் நாம் ஹதீஸ்களில் படிக்கிறோம். முத்து என்பது இரு கைகளையும் சேர்த்து ஏந்தினால் கொள்ளும் அளவு. இன்றைய நீர்த்தூவிக் குழாயின் கீழ் அரை நிமிடம் நின்றாலே அந்தக் குளியலின் அளவைக் கடந்துவிடுவோம். இரண்டாவது முகாமில் சிறிய நீச்சல் குளம் ஒன்றும் இருந்தது. அதைக் கண்டு மகிழ எங்களால் முடியவில்லை. உளூவுக்கும் தூய்மைக்கும் நீர் கேட்பது உரிமை. வறண்ட நாட்டின் திரும்பாத நீரில் விளையாட்டுக் கேட்பது இஸ்ராஃப், வீண் விரயம்.

நமக்கு எளிமையாகிய சிரமம் எங்கே போய்ச் சேர்கிறது என்ற கேள்வியும் உண்டு. முதல் முகாமில் வழிகாட்டியும் உரிமையாளரும் ஒரே குடும்பத்து உறவினர்கள். விருந்தினர் உண்ட அதே ஸர்ப்பிலிருந்து அவர்களும் அதே இடத்தில் உண்டார்கள். இரண்டாவது முகாமில் பணியாளர் பலர் வேறு நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்கள் உறங்கும் தகரக் கொட்டகைகள் பாறைக்குப் பின்னால், விருந்தினர் கண்ணுக்குப் படாத இடத்தில் இருந்தன. மெத்தையை விரித்தவருக்கு மெத்தை இருக்கிறதா என்று கேட்பது அதிகப்பிரசங்கம் அன்று. வெளிநாட்டில் உழைத்தே வீடு கட்டிய சமூகம் நாம். கொட்டகையில் உறங்கிய நம் வாப்பாமார்களையும் காக்காமார்களையும் நினைத்தால் அந்தக் கேள்வி தானாகவே வாய்க்கு வரும்.

இதையெல்லாம் எழுதும்போது நம் அனைவர்க்கும் பொதுவான ஒரு கூடார நகரம் நினைவில் வராமல் இராது. அது மினா. 1997 ஏப்ரல் 15 அன்று அங்கே பரவிய தீயில் ஏறத்தாழ 70,000 கூடாரங்கள் எரிந்தன. 343 ஹாஜிகள் உயிரிழந்தனர். அதன் பின்னரே எளிதில் தீப்பற்றாத, டெஃப்லான் பூசிய கண்ணாடியிழைக் கூடாரங்களும், குளிரூட்டும் வசதியும், வெப்பம் மிகுந்தால் தானே நீர் தெளிக்கும் அமைப்பும் வந்தன. அவற்றால் ஹஜ்ஜின் நன்மை குறைந்துவிட்டது என்று எவரும் சொல்வதில்லை. கடும் வெயிலில் முதியோரும் நோயாளிகளும் தம் கடமையை நிறைவேற்ற அந்த வசதிகள் துணைநிற்கின்றன. அவை கதவைத் திறந்த வசதிகள். அதே மினாவில், ஜமராத்துக்கு அருகில் கூடுதல் விலைக்குக் கூடுதல் இடமும் தனி விருந்தும் விற்கப்படுவதும் உண்டு. உடல்நலம் குன்றியவர் அதை நாடினால் குறை சொல்ல ஏதுமில்லை. எல்லோரும் ஒரே வெள்ளைத் துணியில் வந்து சேர்ந்த இடத்தில், பிறரோடு கலவாதிருப்பதற்கென்றே ஒருவர் அதை வாங்கினால், அவர் எதை இழந்தார் என்பதை அவரே எண்ணிப் பார்க்கட்டும்.

“இவ்வளவு யோசித்துத்தான் ஒரு விடுமுறைக்குப் போக வேண்டுமா?” என்று சிலர் கேட்கலாம். யோசிக்க அதிக நேரம் ஆகாது. முன்பதிவுக்கு முன் தொலைபேசியில் ஐந்து கேள்விகள் போதும். கழிப்பறை கூடாரத்தோடு ஒட்டியிருக்கிறதா, அதில் கழுவ நீர் உண்டா? பெண்களுக்கு மறைவு இருக்கிறதா, சுவர் ஒளி ஊடுருவுமா? தரையில் இறங்காமல் படுத்தெழக் கட்டில் உண்டா? இரவில் விளக்குகளை எப்போது அணைப்பார்கள், மின்சாரம் சூரியத் தகட்டிலிருந்தா, மின்னாக்கியிலிருந்தா? முகாமை நடத்துவோர் அந்த மண்ணின் மக்களா, பணியாளர் எங்கே தங்குகிறார்கள்? கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலின் தயக்கமே பலவற்றைச் சொல்லிவிடும். செல்லும் பருவமும் முக்கியம். மார்ச் முதல் மே வரையும், செப்டம்பர் முதல் நவம்பர் வரையும் வாதி ரம்மில் இதமாக இருக்கும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் குளிர் உறைநிலையை நெருங்கும்.

கரடுமுரடாகத் தங்குவதில் மகிழ்பவர்கள் அவ்வாறே தங்கட்டும். அவர்களுடைய உறுதியை நாம் மதிக்கிறோம். தம்மால் இயல்வதைப் பிறருக்கும் அளவுகோலாக்க வேண்டாம் என்பதே நம் வேண்டுகோள். வானமும் மலையும் மணலும் இறைவனின் அத்தாட்சிகள் என்று நம்புகிறோம். அவற்றைக் காணும் வாய்ப்பு முழங்கால் வலுவுள்ளோர்க்கு மட்டும் உரியதன்று. அடுத்த விடுமுறையில் “நீங்கள் போய் வாருங்கள்” என்று உம்மாவோ ராத்தாவோ பின்வாங்கினால், கேலி செய்யாமல், அவர்கள் வருவதற்கு என்ன தேவை என்று கேளுங்கள். பெரும்பாலும் அவர்கள் கேட்பது ஒரு கட்டிலும், ஒரு கழிப்பறையும், கொஞ்சம் தண்ணீருமாகவே இருக்கும். அதைத் தேடிக் கொடுப்பது நம் பொறுப்பு. அதற்கு மேல் விற்கப்படும் பகட்டைத் துணிந்து மறுக்கலாம்.